மின் அடுப்புக் கையேடு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மின் அடுப்பு நிறுவனங்களில் பயனர் கையேடு தயாரிப்போருக்கு,

வணக்கம். மின் அடுப்புகளைப் பழுதுபார்க்கிறவர்கள் நாங்கள். உங்கள் கையேடுகளில் சுத்தம் செய்யும் பகுதி பெரும்பாலும் ‘அடுப்பு நன்றாக ஆறிய பிறகு ஈரத்துணியால் துடைக்கவும்’ என்றுதான் தொடங்குகிறது. தவறில்லை. ஆனால் கண்ணாடித் தளம் உள்ள அடுப்பில், ஆறும்வரை விட்டுவைத்தால் அந்தக் கண்ணாடியையே கெடுத்துவிடும் கறை ஒன்று உண்டு. அதைப் பற்றிய எச்சரிக்கையோ பல பக்கம் தள்ளி, பொடி எழுத்தில் கிடக்கிறது.

சர்க்கரையைச் சொல்கிறோம். பாகு, ஜாம், இனிப்பு கலந்த பால் என எது வழிந்தாலும் சூட்டில் கண்ணாடியோடு இறுகப் பிடித்துக்கொள்ளும். இந்தக் கண்ணாடி வெப்பத்தால் விரிவதோ சுருங்குவதோ இல்லை என்றே சொல்லலாம். பாகு அப்படியல்ல, ஆற ஆறச் சுருங்கும், சுருங்கும்போது கண்ணாடியின் மேற்பரப்பைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்துவிடும். அந்தக் குழியை எந்தத் துடைப்புக் க்ரீமும் நிரப்பாது.

ஆகவே வழிந்த கையோடு அடுப்பை அணைத்து, பாத்திரத்தை எடுத்துவிட வேண்டும். தடித்த கையுறை போட்டு, பிளேடு பொருத்திய சுரண்டியை ஏறத்தாழ 30 டிகிரி சாய்வில் பிடித்து, பாகைச் சூடில்லாத ஓரத்துக்குத் தள்ள வேண்டும். முனை உடைந்த பிளேடு கீறல் போடும். மிச்சம் மீதியை ஆறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். உருகிய பிளாஸ்டிக், அலுமினியத் தாள் இரண்டுக்கும் இதே அவசரம்தான். இதை முதல் பக்கத்தில் போடுங்கள்; பெட்டியில் ஒரு சுரண்டியும் வையுங்கள், அதற்கு என்ன பெரிய செலவு?

மற்ற கறைகளுக்கு அவசரமில்லை. வெள்ளைத் திட்டு என்றால் தண்ணீரில் உள்ள உப்பு. ஆறிய தளத்தில் வினிகர் தொட்டுத் துடைத்தால் போகும். எதைப் போட்டுத் துடைத்தாலும் கடைசியில் வெறும் ஈரத்துணியால் ஒருமுறை துடைப்பது முக்கியம், ஏனென்றால் தங்கிப்போன க்ரீம் அடுத்த சமையலில் கருகிப் படியும். அம்மோனியா, பிளீச்சிங் கலந்தவையும் கம்பி நாரும் கூடாது.

‘எச்’ என்று எரியும் விளக்கைப் பழுதுக் குறியீடு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தளம் இன்னும் தொட முடியாத சூட்டில் இருக்கிறது என்பதே அதன் பொருள். பல மாடல்களில் மெயின் சுவிட்சை அணைத்தால் அந்த விளக்கும் அணைந்துவிடும், கண்ணாடி மட்டும் கொதித்துக்கொண்டிருக்கும். இண்டக்‌ஷனில் கண்ணாடி சூடாகாது என்ற விளம்பரத்தையும் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள். பாத்திரத்தின் சூடு கண்ணாடிக்குத் திரும்பி இறங்கத்தான் செய்யும். சமையல் முடிந்த பிறகும் உள்ளே மின்விசிறி ஓடுவது எலக்ட்ரானிக்ஸ் பலகையைக் குளிர்விக்க. அது தானாக நிற்கும் முன் பிளக்கைப் பிடுங்கினால் பலகையின் ஆயுள் குறையும்.

கண்ணாடி இல்லாத, கழற்றி மாட்டும் சுருள் அடுப்புக்கு வேறு கணக்கு. கழற்றிய சுருளைத் தண்ணீரில் முக்கவே கூடாது. அதன் மேல் சிந்தியது சூட்டில் தானே எரிந்துவிடும். கழுவ வேண்டியது அடியில் இருக்கும் கிண்ணத்தைத்தான். சுருளின் முனை கருகியிருந்தால் அது செருகும் சாக்கெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். இல்லையென்றால் தளர்ந்த தொடர்பில் பொறி பறந்து புதுச் சுருளும் கருகும்.

கடைசியாக, கண்ணாடியில் விழும் விரிசல். மயிரிழை விரிசல் வழியாகக்கூட வழிந்த நீர் உள்ளே இறங்கி மின்சாரம் தாக்கலாம். தொடுபொத்தானில் அணைத்தால் போதாது, அடுப்புக்கு வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரையே இறக்க வேண்டும். கண்ணாடி மாற்றும்வரை அதில் சமைக்கக் கூடாது. டேப் ஒட்டிச் சமாளிப்பவர்கள் உண்டு. விரிசல் விட்டால் சமைக்கக் கூடாது என்ற இந்த ஒரு வரியையாவது கையேட்டில் புதைக்காமல், அடுப்பின் மேலேயே ஒட்டி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மின் அடுப்புப் பழுதுபார்ப்போர்