கரையை மிதிக்காமல் சுற்றிப் போன கிடைக்கு நன்றி

ஊர்க்காரர்களுக்கும், பக்கத்து ஊர் உறவுகளுக்கும், காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் கடல் கடந்தும் இருந்துகொண்டு இந்தக் கண்மாயையே நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கும், எல்லாருக்கும் முன்னதாக ஆட்டுக் கிடை ஓட்டும் கீதாரி ஐயாவுக்கும் வணக்கம்.

கண்மாய் நிரம்பி, மிச்ச நீர் வழிகிற கலுங்கில் தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது. கண்மாய் பெருகிய அந்த இரவைப் பற்றி எழுத வேண்டியதில்லை. கரையில் நின்றவர்களுக்குத் தெரியும். கரை நின்றது, மடை நின்றது, நட்ட பயிர் பிழைத்தது. நெஞ்சில் இந்தச் சூடு இருக்கும்போதே நன்றி சொல்லிவிட வேண்டும் என்று, இந்தக் கண்மாய்த் தண்ணீரில் பயிர் செய்கிற ஆயக்கட்டுக்காரர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

உதவியவர்கள் நிறைய. ஆனாலும் இந்த மடலில் பெரும்பங்கு கீதாரி ஐயாவுக்குத்தான். அவர் மண்வெட்டி பிடிக்கவில்லை, பணம் தரவில்லை, ஊர்க் கூட்டத்துக்கும் வரவில்லை. சீமைக்கருவையைத் தோண்டி எடுத்து நாங்கள் மண் இறுக்கிய புதுக்கரைமேல் கோடை முழுக்கத் தன் மந்தையை ஏற்றாமல் சுற்றி ஓட்டிப் போனார். யாரும் கேட்கவில்லை. அது எப்பேர்ப்பட்ட உதவி என்பது சீமைக்கருவையோடு மல்லுக்கட்டியவர்களுக்கு உடனே புரியும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விரித்தே சொல்கிறோம்.

சீமைக்கருவையின் காயான நெற்று கோடையில் மஞ்சளாகப் பழுத்து உதிரும். தின்றால் இனிக்கும். புல் கருகிக் கிடக்கும் அந்த நாட்களில் ஆடுமாட்டுக்கு அதுதான் தீனி. சதை செரித்துவிடும், விதை செரிக்காது. கெட்டி ஓடு வயிற்றில் சில நாள் கிடந்து இளகி, புழுக்கையோடு விதை வெளியே விழும். மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் விதையைவிட இது சீக்கிரம் முளைக்கும். எருவும் கூடவே இருக்கிறது. மாடு சரியாக மெல்லாமல் விழுங்குவதால் சாணத்தில் உயிருள்ள விதை அதிகம். ஆடு கடித்து நொறுக்குவதால் புழுக்கையில் குறைவு. ஆனால் கிடை என்றால் ஒன்றிரண்டு ஆடு அல்ல, பெரிய மந்தை. அது தினமும் ஒரே தடத்தில் கரை ஏறித் தண்ணீருக்கு இறங்கினால், வேரோடு தோண்டி எடுத்த இடத்தில் அடுத்த மழைக்கே கன்று எழும்பி நிற்கும்.

கீதாரி ஐயா செய்தது இதுதான். நெற்றுக் காட்டில் மேய்ந்த மந்தையைக் கரைப்பக்கம் கொண்டுவருவதற்கு முன்னால், கருவை இல்லாத கரம்பில் ஒரு வாரம் அடைத்து வைத்துக் கிடை மறித்தார். அந்த வாரம் முழுக்க அவர் கைக்காசில் வாங்கிய கடலைக்கொடிதான் தீனி. வயிற்றில் இருந்த விதையெல்லாம் அந்தக் கரம்பிலேயே விழுந்தது. அந்தக் கிடை எருவை அவர் நஞ்சைக்காரர் யாருக்கும் விற்கவில்லை. மழைக்குப் பிறகு அங்கே முளைத்ததைத் தன் ஆட்களை வைத்து அவரே பிடுங்கவும் செய்தார். அதன் பிறகும் கரைமேல் ஏற்றவில்லை. கலுங்குக்குக் கீழே கல் பரவிய துறைக்குத்தான் தண்ணீருக்கு இறக்கினார். சுற்றுத் தூரம் அதிகம், வெயிலில் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். விவரம் வெளியில் தெரிந்ததே மழைக்குப் பிறகுதான். மாடு ஏறுகிற வடகோடியில் சாணத்துக்குச் சாணம் கன்று கொத்துக் கொத்தாக எழும்பியிருக்க, தெற்கே சரிவு சுத்தமாக இருந்தது. போய்க் கேட்டபோதுதான், இத்தனை பேர் பாடுபட்ட மண்ணில் விதையைச் சுமந்துகொண்டு நடக்க மனசு ஒப்பவில்லை என்றார்.

விதை மட்டும் இல்லை. செங்குத்துச் சரிவில் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கிய புதுமண்ணில் புல் வேர் பிடிக்கும் முன்னே குளம்பு பட்டால் விளிம்பு உடையும். உடைந்த இடத்தில் மழைநீர் ஓடையாக அறுக்கும். கிடை ஒரு நாள் ஏறி இறங்கியிருந்தாலும் அந்த இரவில் கரையின் கதி வேறாகியிருக்கும் என்றுதான் நம்புகிறோம்.

பக்கத்து ஊர்களிலிருந்து கரையைப் பார்க்க வருகிறவர்கள் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவும், கீதாரி ஐயா காப்பாற்றிக் கொடுத்தது எந்த உழைப்பை என்று தெரிவதற்காகவும் வேலை நடந்த விதத்தைச் சொல்லிவிடுகிறோம்.

1877-ல் ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்துக் கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில் ஊன்றிய மரம் இது. விறகுக்கும் வேலிக்கும் என்று பரவி, நம் செம்மண் மேட்டிலும், கண்மாயில் தண்ணீர் தேங்கும் உள்வாயிலும் வேறு எதையும் விடாமல் பிடித்துக்கொண்டது. 2017-ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளையின் உத்தரவுக்குப் பிறகு பல கண்மாய்களில் வெட்டினார்கள். 2022-ல் அரசு அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்று கொள்கையும் வகுத்தது. அப்படியும் வெட்டிய இடங்கள் திரும்ப அடைந்துபோனதற்குக் காரணம் வெட்டிய உயரம். இந்த மரத்தின் தளிர்க்கண்கள் வேரும் தண்டும் சேரும் கழுத்தில், மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கின்றன. தரையோடு வெட்டினால் ஒரு தண்டு இருந்த இடத்தில் ஐந்தாறு தண்டு வரும். கழுத்தை எடுத்துவிட்டால் கீழே இருக்கும் வேர் துளிர்க்காது. ஆகவே சுற்றிலும் ஒரு அடி ஆழம் தோண்டி, கோடாரியால் பக்கவேர்களைத் தறித்து, கடப்பாரையால் நெம்பிக் கழுத்தை முழுசாக வெளியே எடுக்க வேண்டும். பாதிக் கழுத்து நின்றுவிட்டால் வேலை பாழ்.

சமதரையில் இதை ஜேசிபி செய்துவிடும். கரைச் சரிவில் ஜேசிபி கூடாது. பெரிய மரத்தை இழுத்தால் வண்டிக் கணக்கில் கரைமண்ணும் சேர்ந்து வரும். எந்திரத்தின் கனத்தில் விளிம்பும் சரியும். கைவேலைதான். அதிலும் சரிவு முழுவதையும் ஒரே கோடையில் மொட்டை அடிக்கக் கூடாது. கரை நீளத்துக்குப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒரு பட்டையை எடுத்து அடுத்ததை விட்டு வேலை செய்ய வேண்டும்; விட்ட பட்டை மறுவருஷம். வெட்டுகிறவர்கள் எல்லாரும் ஒரே மட்டத்தில் வரிசையாக நிற்க வேண்டும். ஒருவருக்குக் கீழே இன்னொருவர் நின்றால் உருளுகிற கட்டையும் வழுக்குகிற அரிவாளும் அவர்மேல்தான் விழும். கிளையை நெற்று பழுக்கும் முன்னே, மாசிக்குள் கழித்துவிடுவது நல்லது. பழுத்த பின் இழுத்தால் இழுத்த தடமெல்லாம் விதைப்பாடு. காலுக்கு டயர் செருப்பு. முள் குத்தினால் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைத் தொடரக் கூடாது. முனை உள்ளே ஒடிந்து மூட்டுப் பக்கம் சீழ் வைக்கும். கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

குழியை மூடுவதில்தான் கரையின் உயிர் இருக்கிறது. மரத்தை எடுத்துவிட்டு மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டுப் போனால், கண்மாய் பெருகும்போது தண்ணீர் அந்த லேசான மண் வழியாகத்தான் வெளிவாய்க்கு வழி தேடும். விரல் தடிமனுக்கு மேலான வேரை விட்டாலும் அது மக்கியபின் குழாயாக நிற்கும். எனவே தடித்த வேரைக் குழிக்குள் தெரிகிற மட்டும் வெட்டி எடுத்து, குழியின் பக்கங்களைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, உள்வாய்க் களியோடு செம்மண்ணைக் கலந்து அரையடி அரையடியாகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் திமிசால் இடித்து இறுக்க வேண்டும். மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கணும், உள்ளங்கையில் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். தனிக் களி போட்டால் காய்ந்து வெடிக்கும், மணல் போட்டால் ஒழுகும். தோண்டிய குழியை அன்றைக்கே மூட வேண்டும். தண்ணீர் வற்றிய பங்குனி, சித்திரையில் தொடங்கி ஆடிக்குள் மண்வேலை முடிந்துவிட வேண்டும்.

டீசல் ஊற்றலாம், மருந்து அடிக்கலாம் என்று சிலர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். இது ஆடுமாடு குடிக்கிற, மனிதர் குளிக்கிற தண்ணீர். வேண்டாம் என்பதில் நாங்கள் உறுதியாக இருந்தோம்.

நாட்டுக் கருவேலத்தில் அரிவாள் படாமல் பார்த்துக்கொள்வது அடுத்த கவலை. அதன் பூ உருண்டை, காய் பாசிமணி கோத்ததுபோல் இடுங்கி இடுங்கி இருக்கும். சீமைக்கருவைக்குப் பூ நீளக் கதிர், காய் பட்டையாக நீண்டிருக்கும். காயும் பூவும் இல்லாத நாளில் குழப்பம் வரும் என்று, பூத்திருக்கும்போதே மூத்த பெண்கள் கரை நெடுகப் போய் நாட்டு மரங்களுக்குச் சுண்ணாம்புப் பட்டை போட்டுவிட்டார்கள்.

ஆவணி, புரட்டாசிச் சாரலில் வெட்டிவேர் நாற்று. சரிவுக்குக் குறுக்கே, மட்டம் பிடித்து, நாற்றுக்கு நாற்று நாலு முதல் ஆறு அங்குலம். வரிசைக்கு வரிசை மூன்று நான்கு அடி இறக்கம். இடைவெளி அதிகமானால் வேலி சேராது, தண்ணீர் நடுவே புகுந்து அறுத்துவிடும். வரிசைகளுக்கு நடுவில் அருகம்புல் கரணை. வெளிச்சரிவின் அடியில் பனங்கொட்டை, பத்தடிக்கு ஒன்று. பனை வளரக் காலம் எடுக்கும், ஆனால் அதன் சல்லிவேர் மண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

இனி, மொத்தமாகக் கும்பிட வேண்டியவர்கள். அனுமதியைத் தாமதிக்காமல் தந்த அலுவலகத்தாருக்கும், மரத்தை ஏலத்தில் எடுத்துச் சொன்ன நாளில் கட்டையை அகற்றிய கரிமூட்டக்காரர்களுக்கும், திமிசு போட்டுக் கை காய்த்த நூறு நாள் வேலைப் பெண்களுக்கும், பூட்டிக் கிடந்த வளவு வீட்டைத் திறந்து கருவிகளை வைக்க இடமும் மத்தியானக் கஞ்சியும் கொடுத்த ஆச்சிக்கும், சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பணம் அனுப்பியவர்களுக்கும், அந்த இரவில் சாக்கும் அரிக்கேன் விளக்கும் கொண்டு ஓடிவந்த பிள்ளைகளுக்கும் நன்றி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுத வேண்டிய கடன் இருக்கிறது.

சீமைக்கருவை விதை மண்ணுக்குள் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே கரை நின்றதோடு வேலை முடிந்துவிடவில்லை. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மண் இளகியிருக்கும்போது கரையை முழுக்க நடந்து, ஒரு சாணுக்குள் இருக்கும் கன்றை அடியில் பிடித்து நேராக மேலே இழுத்துப் பிடுங்குவோம். அதற்குமேல் விட்டால் ஆணிவேர் இறங்கிவிடும், பிறகு மண்வெட்டி இல்லாமல் வராது. தளிர் விட்ட கட்டையைக் கண்டால் தளிரை ஒடிக்காமல் கழுத்தையே தோண்டி எடுப்போம். இது ஆயக்கட்டுக்காரர்கள் ஒவ்வொருவரும் கொடுக்கும் வாக்கு.

மாடு வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நெற்றுத் தீனி வேண்டாம் என்று சொல்லவில்லை. பொறுக்கி, வெயிலில் முறுகக் காயவைத்து, அரைத்துக் கொடுங்கள். ஈரம் இருந்தால் பாகுபோல் எந்திரத்தில் ஒட்டும். முறுகக் காய்ந்தால் விதையும் சேர்ந்து நொறுங்கும், சத்தும் மாட்டுக்குச் சேரும், முளைப்புக்கும் வழியில்லை. அரைவைக் கூலியை ஆயக்கட்டுப் பொதுப்பணத்திலிருந்து தருகிறோம்.

கீதாரி ஐயா, உங்களுக்கு ஒரு செய்தி. கலுங்குத் துறைக்கு இறங்கும் வழியைக் கல் போட்டு அகலப்படுத்தி, நடுவில் மந்தை நிற்க இரண்டு வேம்பும் வைக்கப் போகிறோம். தை அறுப்பு முடிந்ததும் தாள் வயலில் கிடை போட முதல் அழைப்பு உங்களுக்குத்தான். நீங்கள் கைக்காசில் வாங்கிய கடலைக்கொடியின் விலையை வாங்க மாட்டீர்கள் என்று தெரியும். ஆகவே வருகிற கோடைக்கான கொடியைக் களத்திலேயே போர் போட்டு உங்கள் பெயருக்கு வைத்திருக்கிறோம். பங்குனி பிறந்ததும் வண்டியோடு வந்து ஏற்றிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கண்மாய் ஆயக்கட்டுக்காரர்கள்