ஸ்ட்ரிங்ஸ் பட்டனை அமுக்கிய மாப்பிள்ளைக்கு

சாலிகிராமம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. கையெழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது, கொத்தமல்லி விதை கொட்டிய மாதிரி. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. கீபோர்டு பெடலை மிதிக்க முடிகிறதா என்பதை மட்டும் நீ எழுதவே இல்லை. எனக்கு இடது தோள் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிடில் வைக்கும் தோள். டாக்டர் மூன்று மாதம் ஓய்வு என்றார். ரெக்கார்டிங் வருகிற லட்சணத்துக்கு ஓய்வு தானாகவே கிடைக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கோயில் கொடைத் திருவிழாக் கச்சேரியைப் பற்றி நீ எழுதியதைப் படித்து இவளும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. கமிட்டிக்காரர்கள் "மூணு பேர் போதும், மியூசிக்கை லேப்டாப்பில் போட்டுவிடுங்கள்" என்றார்கள், நீயும் முறைத்துவிட்டு ஒத்துக்கொண்டாய், சரி. அம்மன் பாட்டுக்குக் கூட்டத்தில் ஓர் அம்மாவுக்கு அருள் வந்துவிட்டது. நம் காலத்தில் என்ன செய்வோம்? பாட்டைச் சரணத்துக்குப் போகவிடாமல் பல்லவியிலேயே சுழலவிட்டு, டோலக்கும் பம்பையும் அந்த அம்மாவின் காலைப் பார்த்தே வேகம் கூட்டும். திருநீறு பூசி உட்கார வைக்கிற வரை முடிக்க மாட்டோம். லேப்டாப்புக்குக் கண் ஏது? நாலே முக்கால் நிமிடத்தில் அம்மன் பாட்டை முடித்துவிட்டு அடுத்த டிராக்கைத் தானாக ஓட்டியிருக்கிறது. டூயட். அந்த அம்மா டூயட்டுக்கு ஆடி முடித்தாளா என்பதை அடுத்த கடிதத்திலாவது எழுது.

"இப்படியே போனால் நம் பிழைப்பு என்னடா ஆகும்" என்று கேட்டிருந்தாய். அதை நீ கேட்பதுதான் வேடிக்கை. 1985இல் நம் குழுவில் எத்தனை பிடில்? மூன்று. நீ அந்த கீபோர்டை வாங்கிவந்து மேடையில் வைத்து, ஸ்ட்ரிங்ஸ் என்று எழுதியிருந்த, பிடில் கூட்டத்தின் சத்தம் தருகிற பட்டனை அமுக்கினாய். மானேஜர் கண் விரிந்தது. அடுத்த சீசனில் ஒரே பிடில், அதுவும் நான் இல்லை. உன் ஒற்றை விரல் என்னை நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டது. கம்ப்யூட்டர் பிழைப்பைத் தின்கிறது என்று இப்போது நீ எழுதினால் நான் எப்படி மாப்ளே அழுவது?

நான் மெட்ராஸ் வந்து சேர்ந்தது 1986. அதே வருஷம்தான் இளையராஜா 'புன்னகை மன்னன்' படத்துக்குக் கம்ப்யூட்டரை வைத்து இசை செய்தார். டீக்கடையில் வாத்தியக்காரர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். 1992இல் 'ரோஜா' வந்தது. பேச்சு இன்னும் பெரிதானது. முதலில் அடி விழுந்தது தாளக்காரர்களுக்கு. ஒரே தாளத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிற லூப் வந்தபோது தபலாக்காரர்கள் எங்களிடம் புலம்பினார்கள். "வில்லை எந்த மெஷின்யா இழுக்கும்" என்று நாங்கள் பிடில்காரர்கள் தெனாவட்டாகத் திரிந்தோம்.

சரி, மெஷின் எப்படி இழுத்தது என்பதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. பதினைந்து வருஷம் இருக்கும். ஒருவர் கூப்பிட்டார். சின்ன அறை, நல்ல மைக். பாட்டு கிடையாது. ஒவ்வொரு ஸ்வரமாக வாசிக்க வேண்டும். மெதுவாக, நடுத்தரமாக, பலமாக. நீள வில், குட்டை வில். அசைவு இல்லாமல், அசைவோடு. கீழிருந்து வழுக்கி ஏறி, மேலிருந்து வழுக்கி இறங்கி. இரண்டு நாள் இப்படியே. வாழ்க்கையில் அவ்வளவு அலுப்பான வாசிப்பு வாசித்ததில்லை. கவரில் பணம், ஒரு பக்க இங்கிலீஷ் காகிதத்தில் கையெழுத்து. அந்தப் பணத்தில்தான் ஃபிரிட்ஜ் வாங்கினோம், இன்னும் ஓடுகிறது.

அந்த மாதம் என் பிடிலுக்கு ஓரத்தில் ஒட்டு லேசாக விட்டிருந்தது, மெட்ராஸ் புழுக்கம் செய்கிற வேலை. கீழ்த் தந்தியில் ஒரே ஒரு ஸ்வரத்தில் மட்டும் வண்டு ரீங்கரிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். மைக் முன்னால் சொன்னேன். "பரவாயில்லை சார், இயற்கையாக இருக்கு" என்றார்கள். நாலைந்து வருஷம் கழித்து இவள் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் செத்த காட்சி. பின்னணியில் பிடில். அந்த ஸ்வரம் வந்தது, வண்டும் வந்தது. அப்புறம் ஒரு விளம்பரத்தில். ஒரு தெலுங்குப் படத்தில். அன்று எடுத்த ஸ்வரங்களைக் கம்ப்யூட்டரில் கோத்துக்கொள்கிறார்கள்; நான் போகாத ரெக்கார்டிங்கிலெல்லாம் என் பிடில் போய் வாசித்துவிட்டு வருகிறது. பேட்டா மட்டும் வீட்டுக்கு வருவதில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. கம்ப்யூட்டர் எழுதிய முதல் இசைகளில் ஒன்று எதற்காகத் தெரியுமா? நம் வகையறாவுக்காக. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஹில்லர், ஐசக்சன் என்று இருவர் இல்லியாக் என்ற கம்ப்யூட்டரை வைத்து 1957இல் முடித்த உருப்படி அது. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. மெஷின் எழுதியது, மனுஷன் உட்கார்ந்து வாசித்தான். இப்போது மனுஷன் இரண்டு வரி தட்டுகிறான், மெஷின் வாசிக்கிறது. நடுவில் கொஞ்ச காலம் நாம் பிழைத்துக்கொண்டோம்.

இளைஞர்களுக்குப் பாட்டுப் போடத் தெரியவில்லை என்று நீ எழுதியதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். போன மாதம் ஒரு பையன் கூப்பிட்டான், இருபத்தாறு வயது. எல்லாம் லேப்டாப்பில் முடித்துவிட்டு ஒரே ஒரு தனிப் பிடிலுக்காக அழைத்தான். கார்டும் சுருதியும் விரல் நுனியில். அந்த வயதில் நமக்கு அதில் பாதி தெரியாது. அவனிடம் இல்லாதது ஒன்றுதான்: அறையில் வேறு ஆள்.

பழைய ரெக்கார்டிங் ஞாபகம் இருக்கிறதா, ஒருமுறை உன்னைக் கூட்டிக்கொண்டு போனேனே? காலை ஏழு மணிக்கு ஆர்மோனியத்தோடு உட்கார்வார்கள். மெட்டுக்குக் கவிஞர் எதிரிலேயே வார்த்தை போடுவார். நோட்ஸ் காப்பி எடுப்பவர் "இந்த இடத்தில் ஒரு மாத்திரை குறையுதே" என்பார். முதல் வரிசைப் பிடில்காரர் வில்லைத் தூக்கிக் காட்டினால் கண்டக்டர் நிறுத்துவார். பாடகர் மூச்சு எட்டவில்லை என்பார். பாட்டு மதியத்துக்குள் முடிவதற்குமுன் பத்து பேராவது அதைத் தடுத்து நிறுத்திக் கேள்வி கேட்டிருப்பார்கள். எல்லாக் கேள்வியும் நல்ல கேள்வி இல்லை, சிலது வீம்பு. ஆனாலும் கேட்டார்கள். அந்தப் பையன் ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாக உட்கார்ந்து செய்கிறான். கவிஞர் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். பாடகி மும்பையில் பாடி ஃபைலாக அனுப்புகிறாள். நான் கடைசி ஆளாகப் போய் ஒன்றரை நிமிடம் வாசித்தேன். பல்லவியில் ஒரு சொல் உறுத்தியது. சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. பாட்டு ஏற்கெனவே "லாக்" ஆகிவிட்டதாம்.

என்ன உறுத்தல் என்றால், குறில் எழுத்தின் மேல் நீளமான ஸ்வரம் விழுந்திருந்தது. உனக்குத் தெரியாததா, தமிழில் ஒரு குறிலை இழுத்தால் வேறு சொல் பிறந்துவிடும். கல் கால் ஆகும், படம் பாடம் ஆகும். அதனால்தான் கவிஞர்கள் 'தன்னானே' போட்டுப் பாடச் சொல்லி, எங்கே நீள்கிறது என்று காதால் அளந்து நெடிலை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். இப்போது மெட்டு வருவது இங்கிலீஷ் மாதிரி ஏதோ உளறலில். கவிஞர் அசை எண்ணித்தான் நிரப்புகிறார். நீட்டலைக் கேட்க அவர் அங்கே இல்லை.

இது முழு மெஷின் பாட்டில் இன்னும் பச்சையாகத் தெரியும். என் மகன் பொங்கலுக்கு வந்தபோது சூனோ என்று ஒன்றைக் காட்டினான். வரிகளைக் கொடுத்து "நாட்டுப்புற மெட்டு, பெண் குரல், பிடில்" என்று எழுதினால் ஒரு நிமிடத்துக்குள் இரண்டு பாட்டு தருகிறது. ஒன்று கேட்டால் இரண்டு, அம்மன் கோயில் கூழ் மாதிரி. தாமிரபரணியைப் பற்றி நாலு வரி எழுதிக் கொடுத்தேன். 'மலையிலே பிறந்தவளே' என்பது முதல் வரி. அது என்ன பாடியது தெரியுமா? 'மாலையிலே பிறந்தவளே'. பொதிகை மலையில் பிறந்தவளை அந்தி நேரத்தில் பிறக்க வைத்துவிட்டது. 'பரணி' என்பதில் முதல் எழுத்தைப் 'பல்'லில் வருகிற மாதிரி உச்சரித்தது. பாவம், நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'ப' தானே, அதற்கு எப்படித் தெரியும்?

உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டாவது தரம் கேட்டபோது 'மாலையிலே பிறந்தவளே' நன்றாகத்தான் இருந்தது. மெட்டும் மோசமில்லை. பிடில் மட்டும் எல்லா இடத்திலும் ஒரே அளவு உருகுகிறது, சாவு வீட்டுக்கு வந்த தூரத்து உறவு மாதிரி. இவள் சமையலறையில் அதை முணுமுணுத்தாள். நான் எதுவும் பேசவில்லை.

ஸ்வரத்தை அசைத்து ஆட்டுகிற கமகம் பற்றிக் கேட்டிருந்தாய். தோடி ராகத்தின் காந்தார ஸ்வரம் ஒரு கட்டையில் நிற்காது, ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஆடும் என்று நம் வாத்தியார் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தாரே, அதை, பாடகரின் சுருதியைத் திருத்துகிற ஆட்டோ-ட்யூன் சாஃப்ட்வேர் பிழை என்று எடுத்துக்கொள்ளும். அதைச் செய்த ஆண்டி ஹில்டிபிராண்ட் முன்பு பூமிக்கடியில் எண்ணெய் தேட ஒலி அலைகளை ஆராய்ந்தவர். 1997இல் அதே கணக்கைப் பாடகர் சுருதிக்குத் திருப்பினார். பார்த்து வைத்தால் நல்ல கருவி. பார்க்காமல் மொத்தமாகப் போட்டால் ஆடுகிற காந்தாரத்தை இஸ்திரி போட்டுவிடும். ஒரு பாடகியின் தோடியை அப்படித் தட்டையாக்கி என் காது முன்னாலேயே ஓட்டினார்கள். பக்கத்தில் ஒரு பாட்டு வாத்தியார் இருந்திருந்தால் எஞ்சினியர் கையைப் பிடித்திருப்பார்.

செத்தவர்களைப் பாடவைப்பது பாவமா என்று கேட்டாய். 2024இல் 'லால் சலாம்' படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவர் குரலையும் ஏஐ மூலம் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கினார், பணமும் கொடுத்தார். கேட்டுச் செய்தால் எனக்குக் குறையில்லை. அதே வருஷம் ஜூனில் அமெரிக்காவின் பெரிய ரெக்கார்டு கம்பெனிகள், எங்கள் பாட்டையெல்லாம் கேட்காமல் தின்று வளர்ந்தது என்று சூனோ மேல் வழக்குப் போட்டன. கம்பெனிக்கு வக்கீல் உண்டு. நம் ஊரில் 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் கவிஞருக்கும் மெட்டமைப்பாளருக்கும் ராயல்டிப் பங்கை யாரும் எழுதி வாங்கிக்கொள்ள முடியாதபடி செய்தது. நல்ல காரியம். குரலென்றால் யார் குரல் என்று ஊருக்கே தெரியும். வில்லுக்கு முகம் ஏது? வண்டுச் சத்தத்தை வைத்துக்கொண்டு நான் எந்தக் கோர்ட்டில் போய் நிற்பது?

பேத்தி விஷயம். கீபோர்டு கிளாசில் சேர்ப்பதா, சாஃப்ட்வேர் கற்றுக்கொடுப்பதா என்று கேட்டாய். அவளுக்கு என்ன பிடிக்கிறதோ அதைக் கற்கட்டும், லேப்டாப்பே பிடித்தால் லேப்டாப். ஆனால் வருஷத்துக்கு நாலு கச்சேரியாவது உன் பக்கத்தில் உட்கார வை. பாடுகிறவள் பல்லவியை மறந்து சரணத்துக்குத் தாவும்போது கூடவே தாவட்டும். யாராவது அவளிடம் "இல்லம்மா, இது சரியில்லை" என்று சொல்லட்டும். முதல் தடவை அழுவாள். நீ அழுதாயே, 1983இல், மானேஜர் மைக்கிலேயே திட்டியபோது.

வேறென்ன? மகனுக்கு பெங்களூரில் வேலை மாறியிருக்கிறது. வாரத்துக்கு ஐந்து கால்ஷீட் பார்த்த இடத்தில் இப்போது மாதத்துக்கு இரண்டு. வீட்டில் ஒன்பது பிள்ளைகள் பிடில் கற்கிறார்கள். அதில் ஒருத்திக்கு மட்டும் கை வந்திருக்கிறது, அவளுக்கும் நீட் தேர்வாம்.

அடுத்த ஆடிக் கொடைக்கு நான் வருகிறேன். கமிட்டிக்காரர்களிடம் ஒன்றும் சொல்லாதே, சம்பளமும் வேண்டாம். நான் வந்தால் நாலாவது ஆள். லேப்டாப் ஓடட்டும், அம்மன் பாட்டுக்கு மட்டும் அதை மூடிவைத்துவிடு. டோலக்குக்கு ஆள் கிடைப்பானா பார். மைக்கை எனக்கு வலப்பக்கம் கொஞ்சம் தள்ளி வை, போன தடவை வில் இடித்துக்கொண்டே இருந்தது.

உன்,
பிடில்காரன்