'சென்னை' 1996-இல் பிறந்த பெயர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊர்ப்பெயர் மாற்றங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், 'மெட்ராஸ் என்ற பழம்பெயரை அழித்துவிட்டு 1996-இல் அரசியல்வாதிகள் சூட்டிய புதுப்பெயர் சென்னை' என்று ஒரு வரி இருக்கிறது. எழுதியவர் சின்ன வயதுக்காரராக இருக்கலாம். அவரை நான் நோகவில்லை. ஆனால் தமிழில் நடக்கும் பத்திரிகை உங்களுடையது. 1996-க்கு முந்தைய உங்கள் இதழ்களை எடுத்துப் பாருங்கள், எல்லாவற்றிலும் சென்னை என்றுதானே அச்சாகியிருக்கிறது? உங்களுக்குத் தெரியாததா இது?

என் அப்பச்சி, அதாவது என் தகப்பனார், சென்னையில் ஒரு வட்டிக்கடையில் கணக்கு எழுதினார்கள். தேவகோட்டைக்கு ஒழுங்காகக் கார்டு போடுவார்கள். அந்தக் கார்டுகளை ஆத்தா கட்டி வைத்து, இப்போது என்னிடம் இருக்கின்றன. துன்முகி வருஷம் ஆவணி மாதம், அதாவது 1956-இல், வந்த ஒன்றை எதிரே வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். தலைப்பில் 'சிவமயம்'. அதற்குக் கீழே வலப்பக்கம் 'சென்னை, பவளக்காரத் தெரு'. மை வெளிறிப் பழுப்பாகிவிட்டாலும் எழுத்து நன்றாகத் தெரிகிறது. கார்டைத் திருப்பினால் தபால் முத்திரையில் ஆங்கிலத்தில் மெட்ராஸ். எழுதியவருக்குச் சென்னை, சர்க்காருக்கு மெட்ராஸ். 1996-இல் சர்க்காரும் ஆங்கிலத்தில் சென்னை என்று எழுதத் தொடங்கியது. நடந்தது அவ்வளவே.

அதே ஆவணியில் விருதுநகரில் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் கிடந்தார். 76 நாள் கிடந்து உயிரையே விட்டார். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வையுங்கள் என்பது அவருடைய பெரிய கோரிக்கை. ஏன் கேட்டார்? ஒரு நகரத்தின் பெயரையே மாநிலம் முழுவதற்கும் போட்டு, தமிழில் 'சென்னை மாகாணம்', 'சென்னை ராஜ்யம்' என்று எழுதிவந்தார்கள். 1967 ஜூலை 18-இல் சட்டமன்றத்தில் தீர்மானம் வந்து, 1969 ஜனவரி 14-இல்தான் தமிழ்நாடு ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தபோது இதை வருஷந்தோறும் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். சென்னை 1996-இல் பிறந்ததென்றால், அந்த மனிதர் எந்தப் பெயரை மாற்றச் சொல்லிப் பட்டினி கிடந்தார்?

மெட்ராஸ் என்று யாரும் சொன்னதில்லை என்று நான் வாதாட வரவில்லை. பேச்சில் மெட்ராஸ், மதராஸ் எல்லாம் உண்டு. எங்கள் பக்கத்து ஆச்சிமார் வெறுமனே 'பட்டணம்' என்பார்கள். மெட்ராஸை வெள்ளைக்காரன் வைத்த பெயர் என்று கட்டுரை சொல்வதும் சரியில்லை. 1639-இல் கம்பெனியார் கோட்டை கட்ட வாங்கிய சாசனத்திலேயே மதராஸபட்டணம் என்ற ஊர் இருக்கிறது. அவர்கள் வருமுன்பே இருந்த ஊர். இடம் கொடுத்த நாயக்கர் தம் தகப்பனார் சென்னப்பர் பெயரில் அமைத்தது சென்னப்பட்டணம். இரண்டும் இந்த மண்ணிலே இருந்த பெயர்கள். சென்னப்பர் தெலுங்கர், ஆகவே சென்னை தமிழ்ப்பெயரே இல்லை என்று உங்கள் கட்டுரையாளர் முடிக்கிறார். முன்னூறு வருஷத்துக்கு மேல் தமிழர் நாவில் புழங்கிய பெயர் யாருடையது? அந்தத் தலைநகரம் ஆந்திரத்துக்குப் போய்விடக் கூடாதென்று ம.பொ.சி. 'தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்' என்று நின்றபோது, தமிழ்ச் சனங்கள் காத்ததும் சென்னையைத்தான்.

மராத்தியர் மும்பை என்று சொல்லிவந்ததை 1995-இல் ஆங்கிலத்திலும் ஏற்றார்கள். நம்முடையது அடுத்த வருஷம். அழித்துவிட்டார்கள் என்கிறீர்களே, எதை? உயர் நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் ஆங்கிலத்தில் இன்றும் மெட்ராஸ்தான். தமிழில் எழுதும்போது அவை என்றும் சென்னை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2020-இல் 1018 ஊர்களின் பெயரைத் தமிழ் உச்சரிப்புப்படி ஆங்கிலத்தில் எழுத அரசாணை போட்டு, சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். எங்கள் மாவட்டம் ஆங்கிலத்தில் இன்னமும் 'சிவகங்கா'. அப்போது இதைப் பற்றி உங்களுக்கு இன்லண்ட் லெட்டரில் எழுதினேன். அச்சிடவில்லை, பதிலும் இல்லை. நீங்கள் போட்ட செட்டிநாட்டுச் சிறப்பிதழில் கானாடுகாத்தான் வீட்டுப் படத்தின் கீழே காரைக்குடி என்றிருந்தது. கண்ணாடியின் மேல் சாயம் ஊற்றி, நம் மணலும் சிமெண்டும் போட்டுக் கையால் வார்க்கிற ஆத்தங்குடிக் கல்லை இத்தாலியக் கல் என்று எழுதினீர்கள். அதற்கும் எழுதினேன். ஊரையும் பொருளையும் அதனதன் பெயரால் சொல்வதில் உங்களுக்கு அக்கறை குறைந்துவிட்டதே என்று மனம் பொறுக்கவில்லை. எங்கள் வளவில் மூன்று தலைமுறை உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கிப் படித்திருக்கிறது. அந்த உரிமையில்தான் சொல்கிறேன்.

என் பேத்தி பள்ளிக்கூடத்துக் கட்டுரைக்காக உங்கள் பக்கத்தை அப்படியே பார்த்து எழுதிவிட்டு, "அப்பத்தா, 96-க்கு முன்னால சென்னைன்னு ஒரு பேரே இல்லையாமே?" என்று கேட்டாள். கார்டைக் காட்டினேன். "பத்திரிகையிலேயே போட்டிருக்காகளே" என்றாள். அவளுடைய வகுப்பில் மற்றப் பிள்ளைகளுக்குக் காட்ட யார் வீட்டில் கார்டு இருக்கிறது?

அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போடுங்கள்: 'சென்னை என்பது தமிழில் முன்பே வழங்கிய பெயர், 1996-இல் ஆங்கிலத்திலும் அதுவே அதிகாரப்பூர்வமாயிற்று.' இணையத்தில் இருக்கும் கட்டுரையிலும் அந்த வரியை மாற்றிவிடுங்கள். பிள்ளைகள் அங்கேதான் படிக்கிறார்கள். கார்டின் இரண்டு பக்கத்தையும் நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
தேவகோட்டை