அப்பம்மாவும் வைன் திருவிழாவும்

அன்புள்ள பிள்ளைக்கு,

"அப்பம்மாவை ஏனம்மா அங்க கூட்டிக்கொண்டு போனீங்கள், அது குடிக்கிற இடமல்லோ" என்று நேற்று போனில் கேட்டாய். உன் கவலை எனக்கு விளங்குகிறது. வேலை இடைவேளையில் நின்று கதைத்தாய், ஆறுதலாகச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை, அதுதான் எழுதுகிறேன்.

முதலில், இங்கே ஜேர்மனியில் பாட் டுர்க்ஹைம் ஊரில் நடக்கும் வைன் திருவிழாவுக்கு அவர்தான் தானும் வரவேண்டும் என்று நின்றார். லுட்விக்ஸ்ஹாபனில் 4ஆம் நம்பர் ட்ராம் ஏறினோம். மக்ஸ்டோர்ப் பக்கம் முழுக்க மரக்கறித் தோட்டம், அதற்கு அங்கால் திராட்சை தொடங்கிவிடும். அப்பம்மா கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு, "இவங்கள் ஏன் பந்தல் போடேல்லை" என்று கேட்டுக்கொண்டே வந்தார். யாழ்ப்பாணத்தில் தலைக்குமேல் படரும் கொடியைத்தானே கண்டிருக்கிறார். இங்கே கம்பியில் வரிசையாகக் கட்டி, வெயில் இரண்டு பக்கமும் படும்படி விட்டிருக்கிறார்கள் என்று அப்பா விளக்கினார்.

இந்தத் திருவிழா 600 வருசத்துக்கு மேற்பட்டது. குன்றின்மேல் உள்ள மிக்கேல் தேவாலயத்துக்கு யாத்திரை வந்த சனத்துக்கு விவசாயிகள் தள்ளுவண்டியில் வைன் கொண்டுவந்து விற்றதில் தொடங்கியதாம். அந்த வழியில் வந்த சின்னக் கொட்டில்கள் இன்றும் இருக்கின்றன. நீள மேசை, ஒடுக்கமான வாங்கு, தெரியாத ஆட்களோடு தோள் உரசித்தான் இருக்க வேண்டும். நாங்கள் போய் நின்றதும் ஒரு கிழவர் எழும்பி அப்பம்மாவின் ஊன்றுகோலை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, தன் குடும்பம் முழுவதையும் நகரச் சொன்னார். கிளாஸ் அரை லிட்டர், வெளியே விரல் பதிகிற அளவுக்குச் சின்னச் சின்னக் குழிகள், கை நனைந்தாலும் வழுக்காது. ஒன்றை வாங்கினால் மேசையில் சுற்றி வரும். அப்பா சோடா கலந்த வைனில் இரண்டு மிடறு குடித்துவிட்டு அந்தக் கிழவரிடம் கொடுத்தார், அவருடையது இங்கே வந்தது.

அப்பம்மா குடித்தது திராட்சைச் சாறு. ஆனால் பக்கத்தில் ஒருவர் ஃபெடர்வைசர் வைத்திருந்தார், அதுதான் பிழிந்த சாறு இன்னும் நுரைத்துக்கொண்டிருக்கும்போதே குடிப்பது. வெங்காயக் கேக்கோடு சாப்பிடுவார்கள். உள்ளே வாயு வந்துகொண்டே இருப்பதால் அந்தப் போத்தலை இறுக்கி மூடவும் முடியாது, படுக்க வைக்கவும் முடியாது. கலங்கலாக, மேலே நுரையோடு இருந்ததைக் கண்டதும், "இது எங்கட கள்ளெல்லோ" என்றார். அப்பா மொழிபெயர்த்தார். பிறகு பனையில் முட்டி கட்டுவதிலிருந்து சுண்ணாம்பு பூசினால் ஏன் புளிக்காது என்பதுவரை அப்பம்மா சொல்லச் சொல்ல மேசை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. இந்த நாட்டுக்கு வந்தபின் அவர் வெளி ஆட்களோடு அவ்வளவு கதைத்து நான் கண்டதில்லை பிள்ளை.

குடி நல்லது என்று நான் சொல்லவில்லை. இருட்டினால் அங்கேயும் சத்தம் கூடும், அதற்குமுன் வெளிக்கிட்டுவிட்டோம். ஆனால் எங்கள் சனத்தின் கொண்டாட்டங்களில் ஆம்பிளையள் மண்டபத்துக்கு வெளியே கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பதும், நாங்கள் காணாததுபோல் இருப்பதும் எனக்குப் பிடிப்பதில்லை. இங்கே தள்ளுவண்டிக் குழந்தையும் கிழவியும் ஒரே வாங்கில், எல்லார் கண்ணுக்கும் முன்னால், சாப்பாட்டோடு. எனக்கு இது எவ்வளவோ மேல்.

வரும் வழியில் அந்த ஊரில் நிற்கிற, வீடளவு பெரிய மரப் பீப்பாவையும் பார்த்தோம். 1934இல் செய்தது, 17 இலட்சம் லிட்டர் கொள்ளுமாம், ஆனால் ஒருநாளும் வைன் ஊற்றவில்லை, உள்ளே சாப்பாட்டுக் கடைதான். தம்பி அதைச் சொன்னபோது அப்பம்மா நம்பவில்லை, நீ வந்து சொன்னால்தான் நம்புவாராம்.

திருவிழா செப்டம்பர் இரண்டாம், மூன்றாம் வாரக் கடைசியில்தான் வரும். அடுத்த வருச லீவை அதற்கு ஏற்றமாதிரிக் கேட்டுப் பார். டிக்கெட் போடமுதல் எனக்குச் சொல்லு, தம்பியின் பரீட்சை நாளையும் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா