வியாழக்கிழமை ஜெபமாலையும் ஒரே ஒரு ரூலும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிங்கப்பூர் செங்காங்ல எங்க வீட்டு ஹால்ல வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு பதினஞ்சு பேர் கூடி ஜெபமாலை சொல்றோம், கொஞ்ச வருஷமா நடக்குது. எல்லாரும் கத்தோலிக்கத் தமிழங்க, பெரும்பாலும் பழைய முறைல பிடிப்பு உள்ளவங்க, முக்காடு போட்டு முழங்கால்ல நின்னு நன்மைய, அதாவது பூசைல குடுக்கிற அப்பத்த, நாக்குலதான் வாங்குவாங்க, லத்தீன் பூசைன்னா உருகிடுவாங்க. கூட்டத்த நடத்துறது நான். நடத்துறதுன்னா என்ன, டீ போடுறது, பக்கத்து வீட்டுல நாற்காலி இரவல் வாங்குறது, சண்டை வந்தா விலக்கி விடுறது, இதுல மூணாவதுதான் உண்மையான வேலையே. எங்கள தாத்தா காலத்துக்கு திரும்பிப் போக ஆசப்படுற கூட்டம்னு வெளிய பேசுறாங்க, உள்ள இருக்கிற சில பேரு வெளிய இருக்கிற யாருக்குமே மோட்சம் கிடையாதுன்னு பேசுறாங்க, ரெண்டு பக்கத்துக்கும் சேத்துதான் எழுதுறேன்.

முதல்ல வியாழக்கிழமை கதைய சொல்லிடுறேன். ஜெபமாலை சொல்றப்போ இயேசு, மாதா வாழ்க்கைல நடந்தத அஞ்சஞ்சா தியானிப்போம், அதுக்குப் பேருதான் தேவ இரகசியம். பழைய கணக்குப்படி திங்களும் வியாழனும் சந்தோஷ தேவ இரகசியம், செவ்வாயும் வெள்ளியும் துக்கம், மத்த நாள் மகிமை. 2002ல போப் இரண்டாம் அருள் சின்னப்பர் (ஜான் பால்) ஒளியின் தேவ இரகசியம்னு அஞ்சு புதுசா சேத்து அத வியாழனுக்கு வச்சாரு, நாங்க கூடுறதே வியாழன், கேக்கணுமா. ஒரு அங்கிள் ஒளிய ஆரம்பிப்பாரு, அதே மூச்சுல ஒரு ஆன்ட்டி சந்தோஷத்த ஆரம்பிப்பாங்க, நடுவுல இருக்கிறவங்க மணிய கையில வச்சிட்டு முழிப்பாங்க. இப்ப சொன்னா சிரிப்பா இருக்கு, ஆனா ஒரு நாள் ரெண்டு பேர் பாதில எந்திரிச்சு செருப்ப மாட்டிட்டு லிஃப்டுக்கு போயிட்டாங்க. இத்தனைக்கும் புதுசு சொல்றதும் சொல்லாததும் அவங்கவங்க விருப்பம்னு அந்தப் போப்பே தன் கடிதத்துல விட்டுட்டாரு, கட்டாயமே இல்லாத ஒண்ணுக்கு இவ்ளோ சண்டை. இப்ப ஒரு வாரம் அது ஒரு வாரம் இது. தனக்குப் பிடிக்காத வாரம் வரமாட்டேன்னவரு டீ நேரத்துக்கு கரெக்டா வந்துடுறாரு, நானும் ஒண்ணும் கேக்குறதில்ல.

இது சின்ன சண்டை. பெருசு ஒண்ணு வந்துச்சு. என்எஸ், அதான் கட்டாய ராணுவ சேவை, முடிச்ச ஒரு தம்பி, ரொம்ப பக்தி, லத்தீன் மந்திரமெல்லாம் மனப்பாடம், நாப்பது வருஷமா தமிழ்ப் பூசைக்கு போற ஒரு ஆன்ட்டி முகத்த பாத்து நீங்க போறது பூசையே இல்ல, செல்லாது, 1969க்கு முன்னாடி இருந்த பழைய லத்தீன் பூசைதான் பூசைன்னுட்டான். அந்த அம்மா ஒண்ணும் பேசல, ஜெபமாலைய டப்பாக்குள்ள போட்டு மூடுனாங்க, அவ்ளோதான். நான் கப்பல் பட்டறைல சேஃப்டி வேலை பாத்து ரிட்டையர் ஆனவன், அங்க ஒரு வழக்கம் உண்டு, ஆபத்துன்னா முதல்ல வேலைய நிறுத்து, யாரு தப்புன்னு அப்புறம் பேசு. அதனால எங்க வீட்டுல குரல் ஏறுச்சுன்னா நான் சத்தமா ஜெபமாலைல அடுத்த பத்து மணிய ஆரம்பிச்சிடுவேன், எல்லாரும் வேற வழியில்லாம கூட சொல்லணும். அன்னைக்கும் அப்படித்தான், முடிஞ்சதும் தம்பிய காரிடார்ல நிக்க வச்சு சொன்னேன், பழைய பூசை பிடிக்கும்னு சொல்லு, விடிய விடிய சொல்லு, மத்தவங்க போற பூசை பூசை இல்லன்னு மட்டும் இந்த வீட்டுல சொல்லக்கூடாது. இருக்கிறதே இந்த ஒரு ரூல்தான்.

உங்க சொந்த ரூலா அங்கிள்னு கேட்டான். இல்லப்பா. 2007ல பழைய பூசைய தாராளமா வைக்கலாம்னு கதவ திறந்து விட்ட போப் பதினாறாம் ஆசீர்வாதப்பரே (பெனடிக்ட்), பழைய முறைல இருக்கிற குருக்கள் புதுப் பூசைய கொள்கையா ஒதுக்கக்கூடாதுன்னு கூடவே எழுதினாரு. 2021 ஜூலைல அந்தக் கதவ பாதி சாத்துன போப் பிரான்சிஸ், பழைய பூசைக்கு இனி பிஷப் அனுமதி வேணும்னவரு, அந்தக் குழுக்கள் புதுப் பூசையோட செல்லுபடிய மறுக்காதவங்களான்னு பிஷப் பாத்துக்கணும்னாரு. 2021ல வந்தது எங்க ஆளுங்கள்ல நிறைய பேருக்கு வலி, எனக்கும்தான், அத மறைக்கல. ஆனா அவ்ளோ வித்தியாசமா முடிவெடுத்த ரெண்டு போப்பும் இந்த ஒரு விஷயத்துல ஒரே பக்கம் நிக்கிறாங்களே.

இதுக்கும் மேல ஒரு நாள் புதுசா வந்த ஒருத்தர், 1958ல பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) செத்ததோட போப்பே முடிஞ்சு போச்சு, அதுக்கப்புறம் வந்தவங்க யாரும் போப் இல்லன்னாரு. நாங்க கடைசில பாப்பரசர், அதாவது போப், கருத்துக்காக ஒரு பரமண்டல ஜெபம், மாதாவுக்கு ஒரு பிரியதத்த ஜெபம் சொல்லி முடிப்போம், வேணும்னா அந்த நேரம் சும்மா இருங்க, நிறுத்தச் சொல்லாதீங்கன்னேன், அதோட அவர் வரல. போகட்டும்.

பாதி சண்டை விவரம் தெரியாததுல வருதுங்கிறது என் அபிப்பிராயம். லத்தீன்னாலே பழைய பூசைன்னு நினைக்கிறாங்க, 1969ல போப் ஆறாம் சின்னப்பர் (பால்) கொண்டு வந்த புதுப் பூசையையும் லத்தீன்ல வைக்கலாம். உலகத்து பிஷப்புங்க ரோமுல கூடின ரெண்டாம் வத்திக்கான் சங்கம் லத்தீன தூக்கி எறிஞ்சதுன்னு ரெண்டு பக்கமும் சாதிக்கிறாங்க, ஒருத்தர் கோவமா ஒருத்தர் சந்தோஷமா, 1963ல சங்கம் எழுதின வழிபாட்டு ஏட்ட புரட்டினா லத்தீன காப்பாத்தணும்னுதான் இருக்கு, மக்கள் மொழிக்கும் இடம் குடுத்துருக்கு. அந்தத் தம்பி ஞாயித்துக்கிழமை பூசைக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வரைக்கும் கோப்பிக்கடைல பரோட்டா சாப்பிடுற ஆளு, கேட்டா நன்மை வாங்குறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் சாப்பிடாம இருக்கிறதுதானே ரூலுங்கிறான். எங்க அப்பாயி காலத்துல நடுராத்திரில இருந்து பச்சத்தண்ணி கூட கிடையாது, 1957லதான் மூணு மணி நேரம்னு ஆச்சு, ஒரு மணி நேரமாக்கினது 1964ல, அதே ஆறாம் சின்னப்பர்தான் தம்பின்னேன், நல்லவேளை அவனே சிரிச்சிட்டான்.

குத்துவிளக்கு கூட கோயில்ல வைக்கக்கூடாது, அது நம்ம பாரம்பரியம் இல்லன்னு ஒரு பேச்சு வந்துச்சு. எது நம்ம பாரம்பரியம்? 1606ல மதுரைக்கு வந்த இத்தாலி சாமியார் தத்துவ போதகர் (ராபர்ட் டி நோபிலி) காவி கட்டுனாரு, அவரால மதம் மாறுனவங்க குடுமி வச்சிருந்தாங்க, பூணூல் போட்டிருந்தாங்க, கூட இருந்த சாமியாரே புகார் எழுதி ரோம் வரைக்கும் போய் 1623ல போப் அத அனுமதிச்சாரு. அதுவும் நானூறு வருஷப் பழசுதானே.

பெரியவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். இருபது வயசுப் பிள்ளை லத்தீன் பூசை வேணும்னு கேட்டா, அர்த்தம் தெரியுமா உனக்கு, எதுக்கு இந்த வேஷம்னு மட்டம் தட்டுறீங்க. 1888ல ஓபிர் ரோட்டுல நம்ம ஜனங்களுக்காக லூர்து மாதா கோயில் எழும்பினப்போ அங்கயும் பூசை லத்தீன்லதான், நம்ம பாட்டன் பூட்டன் அதுலதான் முழங்கால் போட்டாங்க. எங்க அப்பாயிக்கு ஒரு வார்த்த லத்தீன் தெரியாது, சாமியார் அங்க முணுமுணுக்க இவங்க இங்க தமிழ்ல ஜெபமாலை உருட்டுவாங்க, மணி அடிச்சா மட்டும் நிமிந்து பாத்து கும்புடுவாங்க. அப்படி கும்புட்டது வேஷமா?

அப்பாயி சொன்ன தமிழே இப்ப போயிட்டு இருக்கு, எனக்கு லத்தீன விட அதுதான் கவலை. பிரியதத்தத்தினாலே பூரண மரியாயேன்னு அவங்க சொல்றப்போ அந்த பிரியதத்தம்ங்கிற வார்த்தைக்கு ஒரு வாசனையே இருக்கும், இப்ப அருள் நிறைந்த மரியேங்கிறோம், அதுவும் நல்ல தமிழ்தான், சண்டைக்கு வரல. எங்க கூட்டத்துல பழசு முழுசா தெரிஞ்சவங்க நாலு பேர், நாலு பேரும் எழுபது தாண்டினவங்க. ஆன்ட்டி கிட்ட மன்னிப்பு கேட்ட அந்தத் தம்பிதான் இப்ப அவங்க சொல்லச் சொல்ல போன்ல ரெக்கார்ட் பண்றான், ஊரே கேக்குற சத்தத்துல பேசுறவன் அப்ப மட்டும் மூச்சு விடுற சத்தம் கூட இல்லாம உக்காந்திருக்கான்.

உங்க வாசகர்கள் வீட்டு அலமாரில அட்டை போன பழைய மந்திரப் புத்தகம், தவக்காலத்துல படிக்கிற வியாகுலப் பிரசங்க நோட்டு, கைல எழுதின பாட்டு ஏதாச்சும் கிடந்தா தயவுசெஞ்சு பழைய சாமான் வாங்குற கரங்குனிக்காரர் கிட்ட போட்டுடாதீங்க. பக்கம் கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்ல, எங்களுக்கு ஸ்துதி மந்திரத்துல ரெண்டு வரி இன்னும் கிடைக்கல.

இப்படிக்கு,
செங்காங் வாசகர்