வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: அந்த 1983 மட்டை விவகாரம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச நாளாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் பலருக்கும் வந்திருக்கும். சிலர் அதை எனக்கே அனுப்பி, "அண்ணே, இது நம்ம திருவல்லிக்கேணி கடைதானே?" என்று கேட்டீர்கள். ஆமாம், கிரிக்கெட் வீரர்கள் கையெழுத்துப் போட்ட பொருட்களை வாங்கி விற்கும் நம்ம கடைதான். 1983 கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணி கையெழுத்துப் போட்ட மட்டை ஒன்றை ஒருவர் விற்கக் கொண்டுவந்தாராம், நாங்கள் அதை டூப்ளிகேட் என்று சொல்லிப் பயமுறுத்தி அடிமாட்டு விலைக்குக் கேட்டோமாம்.

அந்த மட்டைக்கு நாங்கள் விலையே சொல்லவில்லை. "இதை எங்களால் வாங்க முடியாதுங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தோம், அவ்வளவுதான் நடந்தது. விலை குறைத்துக் கேட்க நினைப்பவன் ஏதாவது ஒரு தொகையைச் சொல்ல வேண்டாமா? அவர் இரண்டு தடவை "சரி, எவ்வளவுதான் கொடுப்பீங்க?" என்று கேட்டார். இரண்டு தடவையும் வேண்டாம் என்றுதான் சொன்னோம். டூப்ளிகேட் என்ற வார்த்தையையும் நாங்கள் சொல்லவில்லை. அவர் யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. அவரே யாரிடமாவது காசு கொடுத்து ஏமாந்தவராக இருக்கலாம்.

ஏன் வாங்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். கோப்பை வென்ற நாற்பதாவது ஆண்டில், அதாவது 2023-ல், ஒரு நிகழ்ச்சியில் வாங்கிய கையெழுத்துகள் என்று எங்களிடம் சொல்லப்பட்டது. மட்டையில் கபில் தேவிலிருந்து ஒரு ஆட்டம்கூட ஆடாத சுனில் வால்சன் வரை பதினான்கு பேரும் இருந்தார்கள். ஆனால் அவர்களில் ஒருவரான யஷ்பால் ஷர்மா 2021 ஜூலையிலேயே காலமாகிவிட்டார். இதைச் சொன்னதும், அவர் மட்டும் முன்பே போட்டிருப்பார் என்று பதில் வந்தது. இருக்கலாம் என்றுதான் லென்ஸை எடுத்தோம்.

ஆயிரக்கணக்கான முறை கையெழுத்துப் போட்ட ஆள் பேனாவைப் பார்த்துக்கொண்டே எழுத மாட்டார். மரத்தைத் தொடும்போதே பேனா ஓடிக்கொண்டிருக்கும், எடுக்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் கோட்டின் தொடக்கமும் முடிவும் மெலிந்து வால் மாதிரி இழுபடும். பார்த்து வரைகிறவர் மெதுவாகப் போவார். எங்கெல்லாம் தயங்கி நிற்கிறாரோ அங்கெல்லாம் மை தேங்கி, மட்டை செய்யும் வில்லோ மரத்தின் ரேகையோடு கசியும். கோடு மொட்டையாக முடியும். அந்த மட்டையில் கவாஸ்கர், ஸ்ரீகாந்த், கிர்மானி மூன்று பேருக்கும் ஒரே மாதிரி தேக்கம், ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். மூன்று வெவ்வேறு மனிதர்களின் கை அப்படி ஒன்றுபோல் இருக்காது.

இதற்கு நேர்மாறாக, 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடி, ரன் சமமாகி டை ஆன டெஸ்ட்டின்போது வாங்கிய ஆட்டோகிராஃப் புத்தகத்தை ஒரு குடும்பம் கொண்டுவந்தது. ஆஸ்திரேலிய கேப்டன் ஆலன் பார்டரின் கையெழுத்துப் பாதியில் பேனா மை தீர்ந்து, மீதி வேறு நிறத்தில் இருக்கிறது. இரண்டு பேரின் கையெழுத்து யாருடையது என்றே படிக்க முடியவில்லை. எழுதிய அழுத்தம் பின்பக்கத்தில் விரலுக்குத் தட்டுப்படுகிறது. உள்ளே கிழிந்த டிக்கெட். எனக்கு அந்தப் பக்கத்தைக் கீழே வைக்கவே மனம் வரவில்லை. கேட்ட விலையைக் கொடுத்தோம். அடிமாட்டு விலைக்காரன் அப்படிச் செய்வானா?

நீங்கள் வேறு எங்கே வாங்கினாலும் முதலில் பொருளைப் பாருங்கள், கையெழுத்து அப்புறம். 2018 ஐ.பி.எல். இறுதிப் போட்டி முடிந்த ராத்திரியே தோனி போட்டுக் கொடுத்தது என்று மஞ்சள் ஜெர்சி ஒன்று வந்தது. தோளில் ராணுவச் சீருடை மாதிரி டிசைன். சென்னை சூப்பர் கிங்ஸ் அந்த டிசைனைக் கொண்டுவந்ததே 2021-ல். இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதிய பாடிலைன் தொடர் நடந்த 1932-33-லேயே ஆஸ்திரேலிய வீரர் பிராட்மேன் போட்டது என்று ஒரு தாளைக் காட்டினால், மை எது என்று பாருங்கள். பால்பாயிண்ட் பேனா கடைகளுக்குப் பரவலாக வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். புற ஊதா விளக்கின் கீழ் அந்தத் தாள் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் அதுவும் சந்தேகம்தான், அப்படி ஒளிர வைக்கும் வெண்மையூட்டி பழைய காகிதத்தில் கிடையாது. லென்ஸில் கோடு சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சடித்தது. வீரர் கையெழுத்துப் போடும் போட்டோவைக் காட்டினாலும் அவசரப்படாதீர்கள். போட்டோவில் இருக்கும் பந்தில் கையெழுத்து தையலுக்கு எந்தப் பக்கம், உங்கள் கையில் இருக்கும் பந்தில் எந்தப் பக்கம் என்று ஒத்துப் பாருங்கள்.

சான்றிதழ் ஏன் தருவதில்லை என்ற வருத்தம் உங்களில் சிலருக்கு உண்டு. கையெழுத்தையே போலியாகப் போடுகிறவனுக்குச் சான்றிதழ் அச்சடிப்பதும் ஹோலோகிராம் ஒட்டுவதும் பெரிய வேலை இல்லை. 1990-களில் அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. என்ற மத்தியப் புலனாய்வு அமைப்பு நடத்திய 'ஆபரேஷன் புல்பென்' விசாரணையில் போலிக் கையெழுத்துப் போட்டவர்கள், விற்றவர்கள், உண்மை என்று எழுதிக் கொடுத்தவர்கள் எல்லாரும் ஒரே வலையில் சிக்கினார்கள். அன்னை தெரசா கையெழுத்துப் போட்டதாகச் சொல்லி பேஸ்பால் பந்துகள்கூடக் கிடைத்தன. அதனால் பொருள் யாரிடமிருந்து எப்போது வந்தது, நாங்கள் எதையெல்லாம் பார்த்தோம் என்பதைப் பில்லிலேயே எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கிறோம். அதற்குப் பதில் சொல்ல நாங்கள் இங்கேயே இருக்கிறோம்.

இன்னொரு செய்தி. லென்ஸும் கையுமாக உட்கார்ந்திருக்கும் நம்ம பெரியவரை எல்லாருக்கும் தெரியும். மகள் குடும்பத்தோடு இருக்க பெங்களூரு போய்விட்டார். அவர் இடத்தை நிரப்புவது சுலபமில்லை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வந்து பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், அதற்கு அவருக்கு நன்றி. அவர் போக்குவரத்துச் செலவுக்காக, சோதிக்கக் கொண்டுவரும் பொருளுக்கு 300 ரூபாய் வாங்குகிறோம். விற்ற பொருளை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்ளும் உறுதி, இனி போடும் பில்களுக்கு ஓராண்டு வரை.

அந்தச் செய்தியைப் பார்த்த பிறகும், "நீங்க அப்படிச் செய்ய மாட்டீங்க" என்று போன் செய்தீர்களே, அதை நான் மறக்க மாட்டேன். கொரோனா நேரத்தில் கடை பூட்டியிருந்தபோது, பொருளை அப்புறம் வாங்கிக்கொள்கிறோம் என்று முன்பணம் அனுப்பியவர்கள் இருக்கிறீர்கள். அப்பா வாங்கிய மட்டைக்குப் பக்கத்தில் வைக்க மகள் பந்து வாங்கிப் போன வீடுகள் இருக்கின்றன. உங்களை நம்பித்தான் இந்தக் கடை நடக்கிறது.

மட்டையின் சொந்தக்காரருக்கும் ஒரு வார்த்தை. வேறு யாரிடமாவது காட்டி அவர்கள் எழுத்தில் உறுதி சொன்னால் கொண்டுவாருங்கள், பெரியவர் இருக்கும்போது உங்கள் முன்னாலேயே மறுபடி பார்க்கிறோம். உங்களுக்குக் கட்டணம் வேண்டாம்.

சனிக்கிழமை வருகிறவர்கள் போன் செய்துவிட்டு வாருங்கள். பொருளை நேரில் கொண்டுவர வேண்டும், செல்போன் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. சேப்பாக்கத்தில் மேட்ச் இருக்கும் நாளில் வாலாஜா சாலைப் பக்கம் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, அன்று காலையிலேயே வந்துவிடுங்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளர்