அது எங்கள் ஊர்க் கதைதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இளையோர் நாவல் ஒன்றுக்கு வந்திருந்த மதிப்புரையைப் படித்தேன். 4 வயதில் தன்னை விட்டுப் போன அப்பாவை 15 வயதில் தேடிப் போகிற பையனின் கதை அது. மதிப்புரை எழுதியவர் நடையைப் பாராட்டியிருக்கிறார், அட்டைப்படத்தையும் பாராட்டியிருக்கிறார். கடைசியில், "பெற்ற தகப்பனை மன்னிக்கத் தெரியாத பிள்ளையின் கதையை நம் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா? இது நம் மண்ணில் நடக்கிற கதை அல்ல" என்று முடித்துவிட்டார். அந்த இரண்டு வரி மூன்று நாளாக என்னைத் தூங்க விடவில்லை.

நான் வெள்ளகோவிலில் தையல் கடை வைத்திருக்கிறேன். வாக்கப்பட்டுப் போனது திருச்செங்கோட்டுப் பக்கம். அந்த ஊர் ரிக் வண்டிகளைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது இல்லை. போர் போடுகிற வண்டியோடு சாமான் லாரியும் ஆட்களுமாகக் கிளம்பினால் சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று மாதக்கணக்கில் சுற்றுவார்கள். மழைக்காலத்தில் வேலை குறையும்போது வீட்டுக்கு வருவார்கள். பெரும்பாலானவர்கள் நல்ல மனுசர்கள், பிள்ளைகளுக்குச் சட்டைத் துணியும் தின்பண்டமுமாக வந்து இறங்குவார்கள். ஒரு சிலர் வருவதே இல்லை. என் வீட்டுக்காரர் அப்படிப் போனவர். மகளுக்கு அப்போது 5 வயது. முதல் வருசம் பணம் வந்தது. அடுத்த வருசம் போன் மட்டும் வந்தது. அப்புறம் அதுவும் நின்றது. அங்கேயே வேறு குடும்பம் ஆகிவிட்டது என்று அதே வண்டியில் வேலை செய்த பையன் ஒருவன் வந்து சொன்னான். மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ரிக் வண்டியோடு முடிகிற விசயம் இல்லை இது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் 4 வருசம் செக்கிங் வேலை பார்த்தேன். என் மேசையில் நின்ற 6 பேரில் 3 பேர் வீட்டில் புருசன் இல்லை. ஒருவரும் செத்துப் போனவர் இல்லை, எங்கேயோ இருந்தார்கள். அந்த மூன்று வீட்டுப் பிள்ளைகளும் இங்கேயேதான் படித்தார்கள், வளர்ந்தார்கள். அவர்கள் கதை நம் மண்ணின் கதை இல்லையென்றால் அந்தப் பிள்ளைகள் நம் பிள்ளைகள் இல்லை என்று ஆகிறது. இதை எழுதும்போது அந்த ஐயாவுக்கு ஒரு நிமிசம் கை தயங்கியிருக்க வேண்டாமா? லவனும் குசனும் அப்பாவைத் தெரியாமல் காட்டில் வளர்ந்தவர்கள்தானே. எங்கள் அம்மாயி அல்லி அரசாணி கதையைப் பாட்டாகவே பாடுவார். அதில் அர்ச்சுனனுக்கும் அல்லிக்கும் பிறந்த மகன் புலந்திரன் அப்பா பக்கத்தில் இல்லாமல் வளர்ந்தது அம்மாவின் அரண்மனையில்தான். கேட்டவர்கள் யாரும் இது நம் கதை இல்லை என்று எழுந்து போகவில்லை.

நாவலில் ஒரு இடம் வருகிறது. அப்பாவின் போன் நம்பரைப் பையன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருப்பான், அம்மா அதைப் பார்த்துவிடுவாள். அந்தப் பக்கத்தை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் அது ஜாமெட்ரி பாக்ஸ். மகள் பத்தாவது படிக்கும்போது ஏதோ பென்சில் தேடித் திறந்தேன். மூடியின் உள்பக்கம் அவர் போட்டோ ஒட்டியிருந்தது. கல்யாண ஆல்பத்திலிருந்து கத்தரித்து எடுத்திருக்கிறாள். பக்கத்தில் நின்ற என் தோள் கொஞ்சம் அதில் தெரிந்தது.

நான் அவளை அடித்துவிட்டேன். "உனக்குக் கஞ்சி ஊத்துனது நானா, அந்த ஆளா?" என்று கத்தினேன். அவள் அழவில்லை. "நீதாம்மா. அதுக்காக அவரு மூஞ்சி எப்படி இருக்கும்னு நான் பாக்கவே கூடாதா?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்பாவைப் பார்க்க ஆசைப்படுவது அம்மாவுக்குச் செய்யும் துரோகம் இல்லை என்று அன்றைக்கு எனக்கு எடுத்துச் சொல்ல ஆளும் இல்லை, புத்தகமும் இல்லை. இப்படி ஒரு நாவல் அப்போது கையில் இருந்திருந்தால் அவளும் படித்திருப்பாள், நானும் படித்திருப்பேன். அந்த அடி விழுந்திருக்காது.

அடுத்த மழைக்காலத்தில் அவர் ஊருக்கு வந்திருப்பதாகத் தகவல் கிடைத்தது. அவள் மாமன், என் அண்ணன், பேசி ஏற்பாடு செய்தார். ஈரோட்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து திருச்செங்கோட்டுக்கு இன்னொரு பஸ். பள்ளிபாளையம் பாலத்தில் காவிரியைத் தாண்டும்போது, "திரும்பிப் போயிரலாமாம்மா?" என்றாள். "உன் இஷ்டம், கண்ணு" என்றேன். பஸ் நிற்கும்வரை அவள் வேறொன்றும் பேசவில்லை.

அர்த்தநாரீசுவரர் மலைக்குக் கீழே ஒரு பேக்கரியில் பார்த்துக்கொண்டார்கள். அம்மையும் அப்பனும் ஒரே உடம்பில் நிற்கிற மலை அது. நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன். முக்கால் மணி நேரம். தேங்காய் பன் வாங்கி வைத்தார், அவள் தொடவில்லை. "என்ன படிக்கிற?" என்று கேட்டாராம். "லெவன்த்" என்றாளாம். எந்த ஸ்கூல் என்று கேட்கவில்லை என்பது இன்றைக்கும் அவளுக்குக் குறை. ஒரு தடவைகூட அப்பா என்று கூப்பிடாமல் மொட்டையாகவே பேசிவிட்டு எழுந்து வந்தாள். திரும்பும்போது பஸ்ஸில் என் மடியில் தலை வைத்துத் தூங்கினாள். மன்னித்தாயா என்று நான் கேட்கவில்லை. அப்புறம் ஜாமெட்ரி பாக்ஸில் அந்தப் போட்டோவைக் காணோம். எங்கே வைத்திருக்கிறாள் என்று நான் தேடவும் இல்லை.

நாவலிலும் பையன் அப்பா என்று கூப்பிடாமல்தான் திரும்புகிறான். அது குறையாம். 11 வருசம் எட்டிப் பார்க்காத மனுசரை ஒரு மாலைப் பொழுதில் மன்னித்துவிட வேண்டும் என்று 15 வயதுப் பிள்ளையிடம் கேட்கிறார் அந்த ஐயா. விட்டுப் போனவரைப் பற்றி அந்த மதிப்புரை முழுக்க ஒரு வார்த்தை இல்லை.

இப்படித்தான் எங்கேயும் நடக்கிறது. மகளுக்கு உதவித்தொகை வாங்க பேங்க் கணக்கு வேண்டியிருந்தது. அப்பா கையெழுத்து இல்லாமல் முடியாது என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். 1956ஆம் வருசத்துக் காப்பாளர் சட்டத்தில் அப்பா, அவருக்குப் பிறகு அம்மா என்று இருக்கிறதாம். அந்தப் 'பிறகு' என்பது அப்பா செத்த பிறகு என்று மட்டும் ஆகாது, அவர் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டாலும் அம்மாவே காப்பாளர் என்று உச்ச நீதிமன்றம் 1999இலேயே சொல்லிவிட்டது. இதை ஒரு வக்கீல் அம்மா சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். கவுன்டரில் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. வேலைக்காக மகள் பாஸ்போர்ட் எடுத்தது 2017இல். அம்மா அப்பா இருவரில் ஒருவர் பெயர் போதும் என்று அதற்கு முந்தின டிசம்பரில்தான் விதி மாறியிருந்தது. என் பெயர் மட்டும் போடு என்றேன். அவள் இரண்டு பெயரையும் போட்டாள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அது அவள் பாஸ்போர்ட்.

உங்கள் பத்திரிகையின் மேலும் எனக்கு வருத்தம் உண்டு, ஐயா. 20 வருசமாகப் படிக்கிற உரிமையில் சொல்கிறேன். ஒரு தீபாவளி மலரில் புருசன் விட்டுப் போனவளைக் கடைசிப் பக்கத்தில் கிணற்றில் தள்ளி முடித்த சிறுகதை ஒன்று வந்தது. அதைப் பற்றி நான் எழுதிய கடிதத்தில் மலரைப் பாராட்டிய நாலு வரியை மட்டும் போட்டுவிட்டு மீதியை எடுத்துவிட்டீர்கள். முன்பு 4 பக்கம் வந்த சிறுவர் பகுதி இப்போது ஒரு பக்கம். அதிலும் 10 வயதைத் தாண்டிய பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை. நூலகத்திலும் இதே கதைதான். சொத்து வரியோடு நூலக வரி என்று 10 சதவீதம் நாமெல்லாம் கட்டுகிறோம். நான் போகும் கிளை நூலகத்தில் ஒரு அலமாரியில் அணில், குருவிக் கதைகள். அடுத்த அலமாரியில் பெரியவர்கள் நாவல். 14 வயதுப் பிள்ளைகள் இரண்டுக்கும் நடுவில் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்த வயதுக்கென்று அபூர்வமாக வந்த ஒரு நாவலையும் கொடுக்கலாமா என்று கேட்டால் என்ன செய்வது?

நான் கேட்பது சின்ன விசயம். மதிப்புரையின் கீழே நூலின் விலையும் பதிப்பகத்தின் முகவரியும் போடவில்லை. நான் ஈரோடு புத்தகத் திருவிழாவில் வாங்கியதால் எங்கள் நூலக வாசகர் வட்டத்தில் கேட்டவர்களுக்குச் சொல்லிவிட்டேன். வெளியூரில் இருப்பவர்கள் யாரிடம் கேட்பார்கள்? அடுத்த இதழில் தயவுசெய்து அதைப் போடுங்கள். முடிந்தால், அடுத்த இளையோர் நாவலை மதிப்புரைக்குக் கொடுக்கும்போது அந்த வயதுப் பிள்ளை ஒன்றையும் படிக்கச் சொல்லி, அது சொல்வதையும் கூடவே அச்சிடுங்கள்.

கடிதத்தைப் போடுவதாக இருந்தால் என் பெயர் வேண்டாம், ஊர் மட்டும் போதும். மகளிடம் படித்துக் காட்டி, அவள் சரி என்ற பிறகுதான் அனுப்புகிறேன். தேங்காய் பன் விசயத்தை எடுத்துவிடச் சொன்னாள், அப்புறம் இருக்கட்டும் என்றாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வெள்ளகோவில்